பிள்ளை படிக்கும் ஊரில் வாடகை வீடு: கொடுக்கல் வாங்கலில் ஒரு பாடம்



நம் கடையில் ஒரு மூட்டை வெங்காயம் வந்திறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? எடை பார்க்கிறோம், அழுகல் பார்க்கிறோம், சீட்டில் கண்ட கணக்கோடு ஒத்துப் பார்த்த பின்பே கையெழுத்துப் போடுகிறோம். நூறு வெள்ளிச் சரக்குக்கு இத்தனை கருத்தாயிருக்கும் நாம், கோம்பாக்கிலோ பாங்கியிலோ செர்டாங்கிலோ ஸ்கூடாயிலோ படிக்கும் பிள்ளை, "அத்தா, விடுதியிலே இடமில்லை, கூட்டாளிகளோடு வெளியே வீடு எடுக்க வேணும், பணம் அனுப்புங்க" என்று போன் செய்தால், எவ்வளவு என்று மட்டும் கேட்டு அனுப்பி விடுகிறோம். யாருக்கு, எதற்கு, எந்தக் காகிதத்தின் பேரில் என்று கேட்பதில்லை.

வருஷம் முடிந்து பிள்ளை வீட்டைக் காலி செய்யும்போதுதான் சங்கதி வெளிப்படுகிறது. வீட்டுக்காரர், "சுவரில் கறை, கதவில் கீறல், டெபாசிட் திரும்பாது" என்கிறார். பிள்ளை, "நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்கிறான். இருவர் கையிலும் அத்தாட்சி இல்லை. அப்போது நியாயம் யார் பக்கம் இருந்தாலும் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சே நிற்கும். ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் ஒன்றுதான்: வீட்டை விட்டுப் போகும் நாளின் வழக்கு, வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே தீர்க்கப்பட வேண்டும்.

இஜாரா என்னும் வாடகை ஒப்பந்தம்

மதரஸாவில் நாம் ஓதிய பாடங்களில் இஜாராவைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. வாடகை ஒப்பந்தம் செல்லுபடியாக, எதை வாடகைக்கு விடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வாடகை எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். எத்தனை காலம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று மங்கலாயிருந்தாலும் பின்னால் தகராறு வரும் என்பதாலேயே நம் முன்னோர் இவற்றை நிபந்தனையாக்கினார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அப்பாடத்தில் உண்டு. வீடு குடியிருப்பவர் கையில் அமானத்தாக இருக்கிறது. அவர் அத்துமீறியோ அசட்டையாகவோ கெடுத்தால் அவர் பொறுப்பு. குடியிருப்பதாலேயே தானாகத் தேய்ந்ததற்கு அவர் பொறுப்பல்ல. அதுபோலவே, குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை ஒப்படைப்பது சொந்தக்காரர் கடமை. கூரை ஒழுகி அவர் பழுது பார்க்காவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக் கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டாகிறது. இந்தக் காலத்து ஒப்பந்தங்களில் "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்று வரும் வாசகமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. பிள்ளைக்கு இந்த அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தால் மற்றவை தாமே விளங்கும்.

முதலாவது: எதிரே இருப்பவர் யார்?

வீட்டைக் காட்டுகிறவரெல்லாம் வீட்டுக்காரர் அல்லர். கைபேசியில் படத்தைப் போட்டு, "இன்றைக்கே முன்பணம் அனுப்பினால்தான் கிடைக்கும்" என்று அவசரப்படுத்தி, பணம் வந்ததும் மறைந்து போகிறவர்கள் உண்டு. பிள்ளை வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பக் கூடாது. வீட்டுக்காரரின் அடையாளக் கார்டில் உள்ள பெயரும், வீட்டின் கிராண்டிலோ மதிப்பீட்டு வரி பில்லிலோ உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும். வேறு பெயராயிருந்தால், என்ன உறவு, எந்த அதிகாரம் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

ஏஜண்டு நடுவே வந்தால், அவர் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். மலேசியாவில் வீடு, நிலத் தரகு 1981ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். பதிவு பெற்ற ஏஜண்டுக்கும், அவர் கீழ் வேலை செய்பவருக்கும் எண்ணும் அட்டையும் உண்டு. அந்த எண்ணை வாரியத்தின் பதிவில் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் கோபிக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு: கையெழுத்துப் போடுகிறவர் யார்? இந்நாட்டில் 18 வயது நிரம்பியவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர். மெட்ரிகுலேஷனோ டிப்ளோமாவோ சேர்ந்திருக்கும் 17 வயதுப் பிள்ளையின் கையெழுத்தை வைத்து எழுதிய வாடகைப் பத்திரம் நிற்காது. அந்த இடத்தில் தகப்பனாரோ மூத்த சகோதரரோ கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது: பணக் கணக்கு

வழக்கத்தில் உள்ள ஏற்பாடு இது: இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, அரை மாத வாடகை தண்ணீர், மின்சாரத்துக்கான வைப்புத் தொகை, ஒரு மாத வாடகை முன்பணம். இது வழக்கமே தவிர, இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று சட்டம் விதித்ததல்ல. பேசிக் குறைக்கவும் இடமுண்டு.

ஒரு தாமான் வீட்டுக்கு மாதம் 1,500 வெள்ளி வாடகை என்று வைத்துக் கொள்வோம். வைப்புத் தொகை 3,000, தண்ணீர், மின்சாரத்துக்கு 750, முன்பணம் 1,500. ஆக முதல் நாளில் 5,250 வெள்ளி. ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் தலைக்கு 875 வெள்ளி வருகிறது. இதில் 1,500 வெள்ளி முதல் மாதத்துக்குச் சரியாகி விடும். மீதி 3,750 வெள்ளி பிள்ளைகளுடைய பணம். வீட்டுக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவே. வியாபாரத்தில் ஒருவர் நம்மிடம் கொடுத்து வைத்த தொகையை நம் லாபக் கணக்கில் எழுதுவோமா?

ஆகவே ரசீதில் "5,250 வெள்ளி பெற்றுக் கொண்டேன்" என்று மொத்தமாக எழுதி வாங்கக் கூடாது. மூன்று தொகைகளையும் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். மாத வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, எந்த மாதத்து வாடகை என்று குறிப்பும் எழுத வேண்டும். ரொக்கமாகத்தான் வேண்டுமென்று வீட்டுக்காரர் கேட்டால், கையோடு ரசீது வேண்டும்.

மூன்றாவது: பத்திரமும் முத்திரையும்

மூன்று வருஷத்துக்கு மேற்படாத வாடகையை வாய்ப்பேச்சாகவும் செய்து கொள்ளலாம் என்று 1965ஆம் வருஷத்துத் தேசிய நிலச் சட்டம் இடங்கொடுக்கிறது. இதைச் சொல்லி, "எதற்குப் பத்திரம்? நம்பிக்கைதானே!" என்பவர் உண்டு. வாய்ப்பேச்சு செல்லலாம், ஆனால் அதை நிரூபிப்பது யார்?

இந்தப் பாடத்தைப் பினாங்கு வியாபாரிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டி வைத்திருந்தது. வாப்பா காலத்து வாடகைக்கே மகனும் கடை நடத்தினார். 1997இல் அச்சட்டம் ரத்தானது. இடைக்காலமும் 1999 டிசம்பருடன் முடிந்தது. அதன் பின் ஜார்ஜ் டவுனில் வாடகை பன்மடங்கு ஏறியதையும், பழைய குடித்தனக்காரரும் கடைக்காரரும் இடம் பெயர்ந்ததையும் நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். சட்டம் தாங்கிய காலத்தில் காகிதத்தின் அருமை தெரியவில்லை. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென்ற பேச்சு நாட்டில் பல வருஷங்களாக நடந்து வருகிறது. பேச்சு எப்படிப் போனாலும், கையெழுத்தான பத்திரமே பிள்ளைக்குக் கைத்துணை.

பத்திரத்தில் குறைந்தது இவ்வளவும் இருக்க வேண்டும்: இரு தரப்பார் பெயர், வீட்டு விலாசம், வாடகை, கொடுக்க வேண்டிய தேதி, காலம், வைப்புத் தொகைகள், டெபாசிட்டை எத்தனை நாளில் திருப்ப வேண்டும், எந்தப் பழுது யார் செலவு, முன்கூட்டிக் காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ். கடைசியாகச் சொன்னது மாணாக்கருக்கு மிக அவசியம். படிப்பு ஒன்பது, பத்து மாதத்தில் முடிந்து, ஒப்பந்தம் பன்னிரண்டு மாதமானால் மீதி வாடகை யார் தலையில் விழும் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

பத்திரம் கையெழுத்தான 30 நாளைக்குள் வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், வருஷ வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு நீங்கி விட்டது. ஒரு வருஷத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு, வருஷ வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி தீர்வை. மேலே சொன்ன வீட்டுக்கு வருஷ வாடகை 18,000. தீர்வை 72 வெள்ளி. ஒரு வருஷத்துக்கு மேல் மூன்று வருஷம் வரையானால் 250 வெள்ளிக்கு மூன்று வெள்ளி, அதாவது 216 வெள்ளி. முத்திரையில்லாத பத்திரத்தைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. பிந்தி முத்திரை போட்டால் அபராதமும் சேரும். ஆறு பேர் பங்கு போட்டால் தலைக்குப் பன்னிரண்டு வெள்ளி. இதை மிச்சம் பிடிப்பது மிச்சமல்ல.

நான்காவது: கூட்டாளிகளுக்குள் ஓர் ஒப்பந்தம்

மாணாக்கர் வீட்டில் பாதித் தகராறு வீட்டுக்காரரால் வருவதல்ல, கூட்டாளிகளால் வருவது. ஆறு பேரில் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பான். நடுவில் இருவர் படிப்பை மாற்றிக் கொண்டோ மனஸ்தாபத்தாலோ போய் விடுவார்கள். தலைக்கு 250 வெள்ளியாயிருந்த வாடகை 375 வெள்ளியாகும். மற்றவர் கைவிரித்தால், வீட்டுக்காரர் பத்திரத்தில் பெயருள்ளவனையே கேட்பார், கேட்பதும் நியாயமே.

எல்லாரும் கையெழுத்துப் போடுவது நல்லது. ஆனால் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வாசகம் இருந்தால், முழுத் தொகையையும் எவரிடமும் கேட்கலாம் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். ஆகையால் வீட்டுக்காரரோடு செய்யும் பத்திரம் போக, பிள்ளைகளுக்குள்ளும் ஒரு தாள் எழுத வேண்டும். யார் எவ்வளவு டெபாசிட் கொடுத்தார், நடுவில் போகிறவர் மாற்று ஆள் கொண்டு வரும் வரை தன் பங்கைக் கொடுப்பாரா, மின்சாரக் கணக்கை எப்படிப் பிரிப்பது என்று அதில் இருக்கட்டும். பங்கு வியாபாரம் செய்த நமக்கு இது தெரியாததா? சினேகிதம் கெடாமல் இருக்கவே கணக்கு எழுதுகிறோம்.

ஐந்தாவது: சாவி வாங்கும் நாள்

இந்த நாளைச் சரக்கு இருப்பெடுக்கும் நாளாக எண்ண வேண்டும். சாமான்களை உள்ளே கொண்டு போகுமுன், காலி வீட்டை அறை அறையாகக் கைபேசியில் படம் பிடிக்க வேண்டும். சுவர், தரை, கூரை, கதவு, பூட்டு, ஜன்னல், குழாய், கழிவறை, மின்விசிறி, ஏர்கான், கட்டில், மேஜை எல்லாம் அதில் வர வேண்டும். தண்ணீர், மின்சார மீட்டர்களின் எண்ணையும் எடுக்க வேண்டும். பிறகு ஒரு பட்டியல் எழுதி, "சமையலறைக் குழாய் சொட்டுகிறது, பின் அறைச் சுவரில் ஈரக்கறை" என்று உள்ளதை உள்ளபடி குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படங்களை அன்றைக்கே வாட்ஸப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பினால் தேதியும் பதிவாகி விடும்.

அன்றே பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டியிருந்தால், அதன் சாவி உள்ளே கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? இரவில் நெருப்புப் பிடித்தால் பிள்ளைகள் வெளியே வர வேண்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம். இது உயிர் விஷயம்.

ஆறாவது: குடியிருக்கும் காலம்

வீட்டுக்காரரிடம் மரியாதை தவறக் கூடாது. வயதில் மூத்தவரைப் பாக்சிக் என்றோ அங்கிள் என்றோ அழைப்பது இந்நாட்டுப் பண்பு. பிள்ளை அப்படியே அழைக்கட்டும். ஆனால் காரியத்தை எழுத்தில் வைக்கட்டும். பழுது வந்தால் போனில் பேசிய பின்பும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் சாரம் இப்படி இருக்கலாம்:

"அங்கிள், வணக்கம். நேற்று இரவு முதல் மாடிக் குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் கீழே ஒழுகுகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். பிரதான குழாயை மூடி வைத்திருக்கிறோம். எப்போது ஆள் அனுப்ப முடியும் என்று சொன்னால் ஒருவர் வீட்டில் இருப்போம். நன்றி."

குறை கூறல் இல்லை, அதிகாரமும் இல்லை. என்ன நடந்தது, என்ன செய்தோம், என்ன வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. இப்படி எழுதும் பிள்ளைக்கு நல்ல வீட்டுக்காரர் உடனே ஆள் அனுப்புவார்; அசட்டையானவருக்கு எதிராக அதுவே அத்தாட்சியாகும். வாடகை பிந்துமானால் தேதிக்கு முன்பே சொல்ல வேண்டும். போனை எடுக்காமல் ஒளிவது வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு அழகல்ல.

ஏழாவது: தகராறு முற்றினால்

பரீட்சை நேரத்தில் வீட்டுக்காரர் பூட்டை மாற்றி, சாமான்களை வெளியே வைத்து விட்டால் என்ன செய்வது? வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் வெளியேறாமல் இருந்தால்கூட, கோர்ட்டு உத்தரவில்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்பதே 1950ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7ஆம் பிரிவு. அப்படி நேர்ந்தால் பிள்ளை கைகலப்பில் இறங்காமல், படம் எடுத்து, போலீசில் ரிப்போர்ட் கொடுத்து, பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்துக்கும் நமக்கும் தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் வழி இருக்கிறது. வாடகை பாக்கியிருந்தால் 1951ஆம் வருஷத்து டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்யக் கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம். இரு தரப்புக்கும் வழி கோர்ட்டு வாசல் வழியாகத்தான்.

டெபாசிட்டைத் திருப்பாமல் இழுத்தடித்தால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்கு முறை உண்டு. 2012ஆம் வருஷத்துக் கோர்ட்டு விதிகளின்படி 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்குத் தனி ஆள் வக்கீல் இல்லாமல் தாமே வழக்குப் போடலாம். நம் கணக்கில் வந்த 3,750 வெள்ளி அதற்குள் அடங்குகிறது. அங்கே பேசப் போவது முத்திரையிட்ட பத்திரமும், ரசீதும், முதல் நாள் படங்களும்தான்.

எட்டாவது: விட்டுப் போகும் நாள்

ஒப்பந்தப்படி நோட்டீஸை எழுத்தில் கொடுக்க வேண்டும். "கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக் கொள்ளுங்கள்" என்று தாமாகவே நிறுத்தி விடுவது பலரிடம் காணும் வழக்கம். பத்திரம் அதற்கு இடங்கொடுக்காவிட்டால் அது வாக்குத் தவறுவதே. வீட்டைக் கழுவித் துடைத்து, பில்களைக் கட்டி, முதல் நாள் எடுத்தது போலவே படம் எடுத்து, பழைய பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு வீட்டுக்காரரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, சாவியை ஒப்படைத்து அதற்கும் ரசீது வாங்க வேண்டும். பிள்ளைகள் உடைத்தது எதுவோ அதற்கு விலை கொடுப்பது கடமை. பிடித்துக் கொள்ளும் ஒவ்வொரு தொகைக்கும் வீட்டுக்காரரிடம் பில் கேட்பது உரிமை.

நாமே வீட்டுக்காரராயிருந்தால்

இதுவரை தகப்பனார்களுக்குச் சொன்னோம். நம் வியாபாரிகளில் பலர் ஒன்றிரண்டு வீடு வாங்கி மாணாக்கருக்கு விட்டிருக்கிறார்கள். மேலே சொன்னவையெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். டெபாசிட்டைத் தனியே வையுங்கள். கடைச் சரக்கில் போட்டு விட்டு, பிள்ளை காலி செய்யும் நாளில் கறை தேடாதீர்கள். மாற்றுச் சாவி கையில் இருப்பதற்காக, பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சொல்லாமல் நுழையாதீர்கள். வாடகைக்கு விட்ட பின் அது அவர்கள் வீடு. அனுமதி கேட்டு நுழைவது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு.

இன்னொன்றும் உண்டு. வாடகை வீடு தேடும் நம் பிள்ளையின் பெயரைக் கேட்டதும், "இந்தியருக்குக் கொடுப்பதில்லை" என்று போனை வைப்பவர்கள் இந்நாட்டில் உண்டு. அந்தப் பிள்ளை நம்மிடம் அதைச் சொல்லாமலும் இருக்கலாம். வயிறு எரியத்தான் செய்யும். அப்படியிருக்க, நம் வீட்டைக் கேட்டு வரும் வேறு இனத்துப் பிள்ளையிடம், ஊர் பேர் தெரியாத பிள்ளையிடம், நாம் அதே வார்த்தையைச் சொல்லலாமா? வாடகை கொடுப்பாரா, வீட்டைப் பேணுவாரா என்று கேளுங்கள், அது வியாபாரம். அதற்கு மேல் கேட்பதற்கு நமக்கு நியாயமில்லை.

சகோதரர்களே! படிப்புக்குப் போன பிள்ளை பாடப் புத்தகத்தில் கற்பதோடு, ஒரு பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திடவும், ஒரு மூத்தவரிடம் பணிவோடு உரிமை கேட்கவும், வாங்கிய அமானத்தைத் திருப்பி ஒப்படைக்கவும் இந்த வாடகை வீட்டில்தான் முதன்முதல் கற்கிறது. அடுத்த முறை பணம் கேட்டுப் போன் வந்தால், "பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பு, படித்துப் பார்த்து அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். இந்தத் தாளையும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள்.